ஒன்பது கிலோ பெட்டி

திருச்சியில் ஒரு டிராவல்ஸில் இருபத்திரண்டு வருஷமாக டூர் மேனேஜராக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவரை ஊர் கொண்டுவந்து சேர்த்தது, கடைசி நேரத்தில் விசா வாங்கியது என்று நான் நல்ல பேர் வாங்கிய கதைகள் நிறைய உண்டு. அவற்றை நானே பலமுறை சொல்லி உங்களைச் சலிக்க வைத்திருக்கிறேன். இது சொல்லாத கதை.

1. பேக்கிங் மீட்டிங்

எங்கள் இலங்கை டூருக்கு 'மலை, காடு, கடல்' என்று பேர். நுவரெலியா பக்கம் டிரெக்கிங், உடவளவையில் யானை சஃபாரி, மிரிஸ்ஸவில் பீச். ஒரே பெட்டியில் ஸ்வெட்டரும் வேண்டும், சஃபாரிக்கு மண் நிறச் சட்டையும் வேண்டும், கடலில் நனைய மாற்றுத்துணியும் வேண்டும். ஜனங்கள் குழம்பிப்போவார்கள். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஹாலில் எல்லோரையும் கட்டின பெட்டியோடு வரச் சொல்வோம். காபி, வடை உண்டு. நான் மைக்கில் லிஸ்ட்டை வாசிப்பேன். அப்புறம் ஒரு பெட்டியை மேடைக்கு வரவழைத்து, எல்லோர் முன்னாலும் திறந்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று காட்டுவேன்.

இந்த 'டெமோ பெட்டி' என் கண்டுபிடிப்பு. குக்கர் வரும், இட்லித் தட்டு வரும், ஐந்து கிலோ அரிசி வரும். "யானைக்கா மாமா இவ்ளோ அரிசி?" என்பேன். ஹால் சிரிக்கும். பாடம் நடத்துவதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன்.

2. வைதேகி மாமி

வைதேகி மாமி தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் மகன், மருமகளோடு இருந்தார். புக் பண்ண வந்தபோது, "கோயில் யானையை தினம் பாக்கறேன். சங்கிலி இல்லாத யானையை ஒரு தரம் பாத்துடணும்" என்றார். டூரில் அவருக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

மீட்டிங்குக்கு இரண்டு நாள் முன்பு போன் செய்தார். "ஜீப்ல எத்தனை நாழி உக்காரணும்? நடுவுல இறங்கலாமோ?"

"மூணு, நாலு மணி நேரம் ஆகும் மாமி. தாராளமா இறங்கலாம். திரும்பி ஏறத்தான் ஆள் இருக்காது."

அவர் சிரிக்கவில்லை. "சரி" என்று வைத்துவிட்டார். மாமிக்கு ஜோக் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மீட்டிங்கில் அவர் பெட்டிதான் இருப்பதிலேயே பெரிசு. சரியான ஆள் மாட்டியது என்று மேடைக்கு இழுத்தேன். தராசில் மாட்டினால் ஒன்பதே கிலோ. அவ்வளவு பெரிய பெட்டி ஒன்பது கிலோதான் என்றால் யாருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

"என்ன மாமி, தலகாணியா கொண்டு வரீங்க?"

"வேண்டாமே. ஆத்துக்குப் போய் நானே கொறைச்சுண்டு வரேன்."

அவர் கை பெட்டியின் ஜிப் மேல் இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். மேலே ஸ்வெட்டர், தொப்பி, டார்ச், ரெயின்கோட். என் லிஸ்ட்டில் சொன்ன வரிசையிலேயே இருந்தன. அடியில் பழைய புடவையில் சுற்றி, செய்தித்தாளில் மடித்த கட்டுகள். "அப்பளம்" என்று மைக்கில் சொல்லி, ஒரு கட்டைப் பிரித்துத் தூக்கிப் பிடித்தேன்.

பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் டயப்பர்.

பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாமி என் கையிலிருந்து அதை வாங்கி, பழையபடி தாளில் மடித்து உள்ளே வைத்து ஜிப்பை மூடினார். ஹாலை விட்டே போய்விடுவார் என்று பார்த்தேன். போகவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து மீட்டிங் முடிகிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொசுவத்தி, சன்ஸ்கிரீன் என்று மிச்ச லிஸ்ட்டை வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் போன் செய்து டூர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பக்கத்து மேஜையில் டிக்கெட் பார்க்கும் ஜெயந்திதான் வந்து சொன்னாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனி அவர் முகத்தில் விழிக்க வேண்டாமே. இதை எழுத இப்போதும் கூசுகிறது.

ஜெயந்தி நகரவில்லை. "சார், நடுவுல இறங்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதைக் கேட்டுத்தானே அவங்க அப்படிக் கட்டிட்டு வந்தாங்க. அந்த ஹால்லயே ஒழுங்கா பேக் பண்ணினது அவங்க ஒருத்தங்கதான்."

3. அவர் கேட்டது

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகும்வரை மாமி இலங்கை வெயிலைப் பற்றியே பேசினார். வீட்டில் யாருக்கும் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. மெதுவாக மன்னிப்புக் கேட்டேன்.

"கேட்டுட்டேள். உங்க மனசு லேசாயிடும். நேக்கு என்ன ஆகும்? சிரிச்சவாளோட ஒரே வேன்ல எப்படி ஏறுவேன்?"

நான் காபி டம்ளரை எடுத்துத் திரும்பக் கீழே வைத்தேன்.

"அஞ்சு வருஷமா கோயிலுக்கே நாழி பாத்துண்டுதான் போறேன். பயந்துண்டேதான் பணம் கட்டினேன்." உள்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "தொப்பி, டார்ச்சுன்னு எழுதறேளே, அதோட இதையும் எழுதுங்கோ. மைக்ல சத்தமா படிங்கோ."

அடுத்த பேட்ச் லிஸ்ட்டில் ரெயின்கோட்டுக்கும் டார்ச்சுக்கும் நடுவில் 'பெரியவர்களுக்கான டயப்பர்' என்று எழுதினேன். வாசிக்கும்போது நாக்கு தடுமாறியது. யாரும் சிரிக்கவில்லை. அன்று ராத்திரிக்குள் நாலு பேர் ஜெயந்திக்குத் தனித்தனியாகப் போன் செய்தார்கள். அதில் இரண்டு பேர் ஆண்கள். உடவளவையில் ஜீப் ஏறுமுன்னும் இறங்கியதும் எங்கே பாத்ரூம் என்பதையும் இப்போது லிஸ்ட்டிலேயே போடுகிறோம்.

அந்த மீட்டிங்குக்கு மாமி வந்திருந்தார். பெட்டி கொண்டுவரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அந்த வரியை வாசித்து முடித்ததும் எழுந்து போனார். ஒவ்வொரு பேட்சுக்கும் லிஸ்ட்டை அவர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறார், காபி கொடுக்கிறார், யானை நிறைய வந்ததா என்று கேட்கிறார். இதுவரை டூருக்கு வரவில்லை.

உங்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். யார் பெட்டியையும் திறக்காதீர்கள். நடுவில் இறங்கலாமா என்று ஒருவர் போனில் கேட்டால், எங்கே இறங்கலாம் என்பதை மட்டும் சொல்லுங்கள்.