ஏழாம் வருடக் காசு

பல்செட்காரர் என்று சொன்னால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கு உலோகப் பல் வார்த்துக் கொடுக்கிற பட்டறைக்காரர். முதலில் மெழுகில் ஒரு பல். அதைச் சுற்றி மாவுக் கலவை. கலவை இறுகியதும் மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த இடத்தில் காய்ச்சிய உலோகத்தைச் செலுத்த வேண்டும். இருபத்தெட்டு வருடமாக இந்தத் தொழிலில் அவருக்கு ஒரே எதிரி குமிழ். கடுகில் கால்வாசி அளவுக்குக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் போதும், பல்லின் மேல் ஒரு குழி விழுந்துவிடும். உடனே எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பட்டறைக்கு வெளியே அவருக்குப் பழைய காசுதான் உலகம். கண்டதையும் சேர்க்கிற ஆள் இல்லை. பாய்மரக் கப்பல் போட்ட வெள்ளிக் காசு ஒன்று உண்டு. இருபத்தொரு வருடம் மட்டுமே அச்சடித்து நிறுத்திவிட்டார்கள். வருடத்துக்கு ஒன்றாக அதை மட்டும் சேர்ப்பது என்று ஒற்றைக்காலில் நின்றார். நீல வெல்வெட் விரித்த மரத்தட்டில் இருபத்தொரு குழிகள். இருபதில் காசு இருந்தது. ஏழாவது குழி மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி காலி. அந்த வருடம் இயந்திரம் பழுதாகி மூன்றே மாதம்தான் அச்சடித்தார்களாம். அந்தக் காசைத் தேடிப் பன்னிரண்டு வருடமாக அலைந்துகொண்டிருந்தார்.

கிடைக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் அவரேதான். காசு வாங்குவதில் அவருக்கு இருந்த கெடுபிடி, பெண் பார்க்கப் போகிறவர்களுக்குக்கூட இருக்காது. பார்த்த அன்றே வாங்க மாட்டார். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, காலையிலும் ஆசை இருந்தால்தான் போவார். கடைக்காரர் "இது ஒரு ஜமீன் வீட்டுப் பெட்டியில…" என்று கதையை ஆரம்பித்தால் காதை மூடிக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுப்பார். எடை போடுவார், காந்தம் வைப்பார், பில் கேட்பார். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஒரு காலத்தில் அவரே கறுத்துப்போன நல்ல காசு ஒன்றைப் பல்பொடி போட்டுத் தேய்த்து விற்கக் கொண்டுபோனவர். "சார், காசுக்கும் பல் விளக்கிட்டீங்களா?" என்று வியாபாரி கேட்டுவிட்டு, சொன்ன விலையில் பாதிகூடத் தரவில்லை. அன்றைக்குப் பிடித்த புத்தி அது.

இந்தப் புத்தி அவருக்கு ஊரில் ஒரு மரியாதையைத் தேடிக் கொடுத்திருந்தது. சைக்கிள் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் நாணயச் சங்கத்தில் பதினோரு பேர். யார் எந்தக் காசு வாங்கினாலும் கடைசியில் இவர் முன்னால் நீட்டுவார்கள். "பல்செட் சொன்னா சொன்னதுதான்" என்பது அங்கே சட்டம்.

முப்பதாவது கல்யாண நாள் வந்தது. தபால் நிலையத்தில் பார்சல் கவுன்டரில் வேலை பார்க்கும் மனைவி அன்று அனுமதி கேட்டுக்கொண்டு நாலரைக்கே வீடு வந்தார். கைப்பையைத் திறந்து, பஞ்சில் பொதிந்த சின்ன டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"திறங்க."

திறந்தார். கப்பல். ஏழாம் வருடம்.

"எங்க பிடிச்ச?" என்றார், காசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதெல்லாம் பிடிச்சாச்சு. மார்க்கெட் பின்னாடி புதுசா ஒரு கடை. ஒரு வருஷமா சீட்டு கட்டிச் சேர்த்தேன். வாங்கின அன்னைக்கே உங்ககிட்ட உளறிடுவேன்னுதானே நினைப்பீங்க? போன வாரமே வாங்கிட்டேன். ஏழு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன், தெரியுமா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருடத் தேடல் இப்படிப் பஞ்சில் சுருட்டி மேஜைக்கு வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. விளிம்பைப் பிடித்துக் காசை எடுத்தார். பழக்க தோஷத்தில் இன்னொரு கை சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டது.

எடுக்காமல் இருந்திருக்கலாம். கப்பலின் பாய்மேல் பொடிப்பொடியாகக் குழிகள். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது. அச்சில் அடித்த காசில் இப்படி வராது; காய்ச்சி ஊற்றி வார்த்ததில்தான் வரும். யாரோ ஒருவன் பட்டறையில் உட்கார்ந்து, இவர் பல்லுக்குச் செய்கிற அதே வேலையைக் காசுக்குச் செய்திருக்கிறான். இவர் பட்டறையாக இருந்தால் அதை அப்போதே திருப்பி உருக்கியிருப்பார்.

"எடை போட்டேங்க," என்று மனைவி சொல்லிக்கொண்டே போனார். "நகைக்கடைத் தராசுல. சரியா இருந்துச்சு. காந்தம் வச்சேன், ஒட்டல. பார்த்த அன்னைக்கு வாங்கல, மறுநாள்தான் போனேன். அவன் ஏதோ ராஜா கதை சொன்னான், நான் காதுலயே வாங்கல. எல்லாம் நீங்க போன்ல உங்க சங்கத்துக்காரங்ககிட்ட கத்துறதுதானே? இருபது வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். இந்தாங்க பில்லு."

இவர் பில்லை வாங்கிக்கொண்டார். தான் சொல்கிற இந்த விதிகளையெல்லாம் சங்கத்தில் பாதிப் பேர்கூடக் கடைப்பிடிப்பதில்லை. இந்த அம்மாள் ஒன்று விடாமல் செய்திருக்கிறார். செய்யாதது ஒன்றே ஒன்று, பூதக்கண்ணாடியில் பார்ப்பது. அது இவர் பையைவிட்டு என்றைக்கும் இறங்கியதில்லை.

பில்லைப் பார்த்தார். 'போலி என்றால் ஏழு நாளைக்குள் திருப்பித் தரலாம்' என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. இன்றைக்கு ஏழாவது நாள். கடை ஆறு மணிக்கு மூடும் என்றும் அதிலேயே இருந்தது. மணி ஐந்தாகப் போகிறது.

பேசாமல் குழியில் வைத்துவிடலாம். மனைவி முகம் மலர்ந்தபடியே இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் தட்டைத் திறந்து காட்ட வேண்டும். அத்தனை பேர் காசையும் போலி, அசல் என்று பிரித்துச் சொன்ன வாய், இதை அசல் என்று சொல்ல வேண்டும். அதைவிட, ஒரு வருடம் சீட்டு கட்டிய பணம் ஒரு ஏமாற்றுக்காரன் கல்லாவிலேயே தங்கிவிடும். சொன்னாலோ இந்த முகம் வாடும். அவர் பில்லை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தா… கோவிச்சுக்காத. இது வார்ப்புக் காசு."

மனைவிக்குக் கண் நிறைந்துகொண்டு வந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

"வண்டிய எடுங்க. கடை மூடிருவான்."

ஐந்தே முக்காலுக்கு இருவரும் கடையில் நின்றார்கள். கடைக்காரர் குழைந்தார்.

"மேடம், கல்யாண நாள் பரிசைப் போய் யாராவது திருப்பிக் கொடுப்பாங்களா?"

"பரிசு, நான் இவருக்குக் கொடுத்தது. பில்லு, நீங்க எனக்குக் கொடுத்தது," என்றார் மனைவி. தினம் நூறு பேரிடம் ரசீதைக் காட்டி நியாயம் பேசுகிறவர். அந்தக் குரலுக்கு எதிரே யார் நிற்க முடியும்? பல்செட்காரர் குழிகளைக் காட்டிக் குமிழைப் பற்றிப் பத்து நிமிடம் பாடம் நடத்தினார். கடையில் நின்ற மற்ற இரண்டு வாடிக்கையாளர்கள் தங்கள் கையிலிருந்த காசுகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். அதைப் பார்த்ததும் கடைக்காரர் வாயைத் திறக்காமல் பணத்தை எடுத்து நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கையை நீட்டினார். "அந்தக் கண்ணாடியக் கொடுங்க. உங்க அசலையெல்லாம் நான் பார்க்கணும்."

தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசிக் குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவர் பெருமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் குழிக்கு வந்தபோது மனைவி நிமிரவில்லை. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, இதுலயும் அதே மாதிரி குழி இருக்கே?"

"இருக்காது."

"நீங்களே பாருங்க."

அது கல்யாணத்துக்கும் முன்னால், பட்டறையில் சேருவதற்கும் முன்னால், எடையும் காந்தமும் தெரியாத வயதில், ஒரு கிழவரின் கதையைக் கேட்டு உருகி வாங்கிய காசு. அவருடைய முதல் காசு. அதைச் சோதிக்க அவருக்குத் தோன்றியதே இல்லை. இப்போது பார்த்தார். குமிழ் குமிழாக இருந்தது. முப்பத்தோரு வருடமாக அந்தத் தட்டின் தலைமாட்டில் ஒரு போலி ஜம்மென்று உட்கார்ந்திருந்திருக்கிறது.

"பில்லு இருக்கா?" என்றார் மனைவி.

"இல்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் மனைவி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் இரண்டு குழி காலியாக இருந்த தட்டைத் திறந்து வைத்தார். நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முதல் காசைப் போலி என்று கண்டுபிடித்தது தன் வீட்டுக்காரம்மா என்று சொல்லும்போது, தட்டு நிறைந்திருந்தால்கூட வந்திருக்காத பெருமை அவர் முகத்தில் வழிந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் லாரி ஓட்டுநர் ஒருவர் தன் பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். பல்செட்காரர் வழக்கம்போல் பூதக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே கையை நீட்டினார்.

"நீங்க பார்க்க வேணாம்ணே," என்றார் ஓட்டுநர். "வீட்டுக்குக் கொண்டுபோய் அண்ணிகிட்ட காட்டிட்டு வந்து சொல்லுங்க."