ஆடும் பல்லும் ஆசகாஜி மாமாவும்

ஆறு வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு நான் நேபாளத்தில் எங்கள் ஊரான புங்கமதிக்குத் திரும்பிய அன்று, பக்கத்து வீட்டு ஆசகாஜி மாமா அவலைத் தயிரில் ஊறப்போட்டுக் கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தார்.

"குழந்தைக்கா மாமா?"

"குழந்தையா? சாமிக்கு! முன்பல் ஆடுது. தேருக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு."

எங்கள் ஊரில் ஒரு சிறுமியைக் குமாரி என்று அமர்த்தி, அம்மனாகவே கும்பிடுவோம்; அவளுக்கு முதல் பால் பல் விழுந்தால், அன்றோடு தெய்வம் இறங்கிவிடும். வேறு சிறுமியைத் தேடி அமர்த்த நாளாகும். குமாரி இல்லாமல் தேர் போயிற்று என்ற பேச்சு தன் வீட்டால் வந்துவிடக்கூடாது என்பதுதான் மாமாவின் கவலை. மகள் ஜெனிஷாவுக்கு ஆறு வயது. மூன்று வருடமாக அவள்தான் குமாரி.

மாமா மைக்ரோ பஸ் ஓட்டுகிறவர். சாலையில் அவர் வாய்க்கு ஊரே ஒதுங்கும். குறுக்கே வரும் எருமையைக்கூட அதன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டுவார். வீட்டிலோ, மகளின் பாதத்தில் நெற்றியை வைத்த பிறகுதான் பஸ் சாவியைத் தொடுவார். மூன்று வருடத்தில் அவளை ஒரு அதட்டு அதட்டியதில்லை. சாமியை யார் அதட்டுவது?

மறுநாள் சாமி வறுத்த சோயா பயறு கேட்டது.

"மெத்துனு அல்வா தரட்டுமா தாயே?"

"வேண்டாம். கடக்குமுடக்குன்னு வேணும்."

சானுமாயா மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பஸ்ஸுல இருபது பேரை அடக்குற மனுஷன்! இங்க வாயைத் திறங்க, பாப்போம்."

"நீதான் சொல்லேன்."

"சாமி கேட்டு இல்லேன்னு சொன்ன பாவம் எனக்கெதுக்கு?"

மாமா பயறை வறுத்தார். பிறகு இடித்து மாவாக்கி, வெல்லம் பிசைந்து உருண்டை பிடித்து, இரு கைகளாலும் நீட்டினார். ஜெனிஷா ஒரு வாய் மென்றுவிட்டு, மீதியை அவர் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இதுல சத்தமே வரலையே."

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த மூன்று நாளும் அவலும் தயிரும்தான்.

தேர் நாளன்று சிவப்புப் பட்டும் நெற்றியில் தீட்டிய கண்ணுமாக அவள் தேர் வீதி மேடையில் அமர்ந்திருந்தாள். குமாரி சிரிக்கக்கூடாது, பேசக்கூடாது. உதடு மூடித்தான் இருந்தது. ஆனால் உள்ளே நாக்கு பல்லை நெம்புவது வெளியே தெரிந்தது. கூட்டத்தில் நின்ற மாமா தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார். தேர் முனை திரும்பிய பிறகுதான் கையை எடுத்தார்.

அன்று சாயங்காலம் ஒரு கைப்பிடி பயறை அவரே முழுசாக வறுத்து, தட்டில் வைத்து வணங்கினார்.

"இப்ப கடிங்க தாயே."

மூன்றாவது கடியில் பல் தட்டில் விழுந்தது. மாமி அழுதுகொண்டே சிரித்தாள். ஜெனிஷா சிவந்த எச்சிலை அப்பாவின் புதுச் சட்டையில் துடைத்தாள்.

"அடி கழுதை! சட்டையா கரித்துணியா அது? போய் வாயைக் கொப்பளி!"

தெரு முழுக்கக் கேட்டது. ஜெனிஷா திகைத்து நின்றாள். பிறகு பொக்கை தெரியச் சிரித்து, அவர் மடியில் ஏறிக்கொண்டாள்.

"அப்பா, இன்னொரு தடவை திட்டு."