இருதயம் முதலில் எழுதிய ஆள்

ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர் இருதயத்துக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் தெருக்காரர்களைப் பற்றி ஏழு வருஷமாக அவர் எழுதிய கட்டுரைகள் ராஜபாளையத்து அச்சகத்தில் புத்தகமாகிக்கொண்டிருந்தன. முதல் கட்டுரையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் போனார், ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார், வண்டி கிளம்புகிற நேரத்தில் இறங்கிவிட்டார். கண்டக்டர் முறைத்தார்.

அந்த முதல் கட்டுரை சீனிச்சாமியைப் பற்றியது. இரண்டு பேரும் ஒரே வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். இருதயம் டிரைவர். சீனிச்சாமி லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையற்கூடத்தில், சமையல்காரர். லடாக் குளிரில் கல்லாகிப்போன தக்காளியைச் சுத்தியலால் உடைத்து, இருநூறு பேருக்கு ரசம் வைத்த மனிதர். பசியோடு திரும்புகிற சிப்பாய்க்கு லங்கர்காரன்தான் சாமி, மேஜரெல்லாம் அப்புறம்தான். ஓய்வு பெற்று வந்து, சும்மா இருக்க முடியாமல் இருதயம் எழுத உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த ரசம்தான். ஒரே மூச்சில் எழுதித் தெரு வாட்சாப் குழுவில் போட்டுவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தார்.

பட்டாளத்தில் பெருமையாக இருப்பது தெருவில் பெருமையாக இருக்காது என்பது இந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. எல்லையில் துப்பாக்கியோடு நின்றதாகச் சீனிச்சாமி டீக்கடையில் அளப்பது அவருக்குத் தெரியும். யார்தான் அளக்கவில்லை என்று விட்டிருந்தார். மறுநாளே தெருப் பயல்கள், "என்ன மாமா, இன்னைக்கு என்ன சாம்பாரு?" என்று ஆரம்பித்தார்கள். சீனிச்சாமி டீக்கடைப் பக்கம் வருவதை நிறுத்தினார். இருதயத்தோடு பேச்சும் நின்றது.

அதற்குப் பிறகு யாரைப் பற்றி எழுதினாலும் இருதயம் முதலில் அவர்களிடமே வாசித்துக் காட்டினார். நல்ல பழக்கம்தான். ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆளிடம் இந்த ஏழு வருஷமும் போகவில்லை. பயந்தாங்கொள்ளி.

வெயில் தாழ்வதற்குள் அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். சீனிச்சாமியின் மனைவி முனீஸ்வரி திறந்தார், இவரைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போனார். சீனிச்சாமி வந்தார்.

"சொல்லுங்க."

முப்பது வருஷம் 'ஏலே' என்று கூப்பிட்ட வாய் அது.

"புஸ்தகம் போடுதேன் சீனி. உன்னயப் பத்தி எழுதுனதச் சேக்கலாமான்னு கேக்க வந்தேன். நான் பெருமையாத்தாம்லே எழுதுனேன்."

"தெரியும். தெருக்காரன் சிரிச்சதெல்லாம் தொடச்சுப் போட்டுட்டேன்." சீனிச்சாமி ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இவகிட்டயும் துப்பாக்கி பிடிச்சேன்னுதான் சொல்லியிருந்தேன். பொண்ணு பாக்கப் போன அன்னைக்குச் சொன்னது. பொறவு மாத்திச் சொல்ல வாய் வரல. நீங்க எழுதுனத ரேஷன் கடை வரிசையில வச்சு யாரோ இவளுக்கு வாசிச்சுக் காட்டியிருக்காவ. வீட்டுக்கு வந்து ஒண்ணும் கேக்கல. இன்னைவரைக்கும் கேக்கல."

ஏழு வருஷமும் தெருவின் சிரிப்பை மட்டுமே நினைத்து வருந்திக்கொண்டிருந்தார் இருதயம். "எடுத்துருதேன்" என்று சொல்லி, கையோடு கொண்டுவந்திருந்த அந்தக் கட்டுரையின் நாலு பக்கத்தையும் நீட்டினார். சீனிச்சாமி வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.