அச்சு விலகிய ஐந்து ரூபாய்

அப்பா கம்பத்துக்கும் தேனிக்கும் ஓடுகிற தனியார் பேருந்தில் நடத்துநர். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அவருடைய தோல்பைக்குள் விசித்திரமான ஒரு ஐந்து ரூபாய் வந்து சேர்ந்தது. பித்தளை நிறம். அச்சு ஒரு பக்கமாக விலகி விழுந்ததில் சிங்கத்தின் பாதியைக் காணவில்லை. மிச்ச இடம் பிறை மாதிரி வெறும் தகடு.

செல்போனில் படம் பார்த்த மதுரை நாணய வியாபாரி ஒருவர், ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்குக் கல்யாணத்துக்கு வருவதாகவும், வழியில் எங்கள் ஊரான சின்னமனூரில் இறங்கிப் பார்ப்பதாகவும், அச்சடிக்கும்போதே நேர்ந்த பிழைதான் என்றால் நல்ல விலை தருவதாகவும் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் நாணயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். நின்று நின்று அவருக்குக் கால் வீங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பெட்டிக்கடை வைத்து உட்கார்ந்துவிடலாம் என்பது எண்ணம். அம்மா கடைக்குப் பெயரே வைத்துவிட்டாள்.

எனக்கு வேறு கவலை. கை போன பொம்மையை யாரும் வாங்குவதில்லை. பாதிச் சிங்கத்தை மட்டும் யார் வாங்குவார்? வந்தவர் பார்த்துச் சிரித்துவிட்டால்?

எங்களோடு இருந்த தாய்மாமா மேகமலை ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அந்த நாணயத்தையும் எடுத்துப்போனேன். அவர் பின்பக்கம் கை கழுவப் போனதும், அதை இரும்புக் கட்டையில் வைத்து, மேலே ஒரு நல்ல ஐந்து ரூபாயைக் கவிழ்த்து, சுத்தியலால் அடித்தேன்.

“என்னத்த ஆத்தா தட்டுற?” என்றது மாமாவின் குரல்.

“ஒண்ணுமில்ல மாமா.”

வெறும் தகட்டில் சிங்கம் மாதிரி ஏதோ விழுந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் நாணயத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வந்தது சிங்கம்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் வியாபாரி லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்பா உட்காரவே இல்லை.

“அண்ணே, அச்சு வெலகுனது நெசந்தான். ஆனா பெறகு யாரோ கை வச்சிருக்காக. மின்ட்டுல, அதான் நாணயச் சாலையில, அடிச்சா சிங்கம் மேல எழும்பி நிக்கும். இங்கன அமுங்கிக் கெடக்கு. எழுத்தும் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பியிருக்கு. இன்னொரு காச மேல வச்சு சுத்தியலால அடிச்சிருக்காக. பின்பக்கம் பாருங்க, அங்க போட்டிருக்குற பூவெல்லாம் நசுங்கிப்போச்சு. இதத் தொடாம விட்டிருந்தா நானே வாங்கியிருப்பேன்.”

சுத்தியல் என்றதும் அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“நாந்தான் மச்சான். இன்னும் வெல கூடும்னு தட்டிப் பாத்தேன்” என்றார் மாமா.

“என் கால் வலி ஒனக்கு வெளையாட்டாப் போச்சா?” என்று மட்டும் கேட்டார் அப்பா.

எனக்குப் பெரிய ஆச்சரியம். அப்படியென்றால் மாமாவும் அடித்திருக்கிறார்! எனக்கு முன்பா, பின்பா என்பதுதான் தெரியவில்லை. என் அடி சின்ன அடி. பூவை நசுக்கியது அவருடைய அடியாகத்தான் இருக்கும். பயம் பாதி இறங்கிவிட்டது.

அப்பா அதற்குப் பிறகு மாமாவிடம் பேசவில்லை. ஒரு மாதத்துக்குள் மாமா குமுளியில் வேறு வேலை பிடித்துக்கொண்டு கிளம்பினார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நானும் போனேன். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“விடுங்க மாமா, தெரியாமத்தான செஞ்சீக” என்றேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆமா ஆத்தா. தெரியாமத்தான்” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

ஒருவரை மன்னித்துவிட்ட நிறைவோடு நான் வீட்டுக்கு ஓடினேன்.