லேசர் அறைக்குள் வளையல்கள்

லேசர் அறையின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வளையல் அணிந்த பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று யாரோ ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, மேலே செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறிப் போயிருந்தது. எழுதியது யார், எந்தக் காலத்தில் என்று அந்த இயற்பியல் துறையில் ஒருவருக்கும் தெரியாது. ரூபினி நான்கு வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உள்ளே போகும்போது கையிலிருக்கும் இரண்டு வளையல்களைக் கழற்றிக் கதவோரத்து ஆணியில் மாட்டுவாள். வரும்போது எடுத்துப் போட்டுக்கொள்வாள். வாசலில் செருப்பை விடுவதுபோல அது பழகிவிட்டது.

அறிவிப்பில் நியாயம் இல்லாமலும் இல்லை. பச்சை லேசரின் கற்றை பளபளப்பான எதன்மேல் பட்டாலும் திரும்பிப் பாயும். எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. யார் கண்ணிலாவது விழுந்தால் கண் போச்சு.

ரூபினி ஸ்ரீராம்புரத்துப் பெண். அப்பா அர்ஜுனன் குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்துவிடும் வேலையில் இருந்தார். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்பது அவர் கையில் இருந்ததால், அந்தச் சந்துகளில் மந்திரிக்குக் கிடைக்காத மரியாதை அவருக்குக் கிடைத்தது. அம்மா சாந்தகுமாரி வீட்டிலேயே ஊதுவத்தி உருட்டினாள். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களுக்கு, "கண்ணாடிக்குள்ள வெளிச்சத்த விட்டு ஏதோ பாக்குதுங்க" என்பாள். எக்ஸ்ரே போலிருக்கிறது என்று தெரு முடிவு செய்துகொண்டது. பக்கத்து வீட்டு சந்திரம்மா தன் முழங்காலுக்கு ஒரு படம் எடுத்துத் தரும்படி இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

உண்மையில் ரூபினி கண்ணாடியை உருக்கினாள். உலையில் காய்ச்சி, குளிரவைத்து, மெருகேற்றி, அதன்மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அணுக்கள் எப்படிக் கைகோத்திருக்கின்றன என்று தெரியும். மாதிரிகளைச் செய்யவே இரண்டு வருடம் ஆனது. 1999 ஜூனில் எல்லாம் தயார். கடைசி அளவீடு மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து லேசரின் ட்யூப் சாகத் தொடங்கியது. வாரத்துக்கு வாரம் ஒளி மங்கியது. அந்த நேரம் பார்த்து ரூபினிக்கு ஏழாம் மாதமும் பிறந்தது.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சிவாஜிநகரிலிருந்து பெட்டி பெட்டியாகக் கண்ணாடி வளையல் வந்தது. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, சந்தனம் பூசி, சோப்பு நீர் தடவி ஏற்றியதில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இரண்டு கையும் நிறைந்துவிட்டன.

"கொழந்த பொறக்கற வரைக்கும் ஒண்ணக்கூடக் கழட்டக் கூடாது, ஆமா" என்றாள் சாந்தகுமாரி. "ஒடையவும் கூடாது."

"லேபுக்குப் போகணும்மா."

"போ. கையோட போ."

பேச்சு விளையாட்டாகத்தான் போனது. ஆனால் சாந்தகுமாரியின் முதல் பிள்ளை தங்கவில்லை. அந்த முறை வளைகாப்பு போடவில்லை. அதனால்தான் என்று அவள் இன்றைக்கும் நம்பினாள். ரூபினிக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மாலை முழுவதும் அம்மாவின் கண் அந்த வளையல்களை விட்டு அகலாததைப் பார்த்தவளுக்கு அவற்றைக் கழற்றவும் மனம் வரவில்லை.

திங்கட்கிழமை அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் சந்திரசேகரன் அவள் கையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு ரூபினி. ரெஸ்ட் எடுங்க. அளவீட்ட பாலகுமார் எடுக்கட்டும். பேப்பர்ல உங்க பேரும் இருக்கும்."

இருக்கும். எத்தனையாவதாக என்பதுதான் கேள்வி. கண்ணாடி செய்தவள் ஒருத்தி, கண்டுபிடித்தவன் இன்னொருவன் என்றாகிவிடும்.

"டெலிவரிக்கப்புறம் நானே எடுக்கறேன் சார்."

"ட்யூப் அதுவரைக்கும் தாங்காதே. புதுசு வெளிநாட்டுலேர்ந்து வரணும். எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"ஒரு வாரம் டைம் குடுங்க சார்."

"ஒரு வாரத்துல என்ன பண்ணுவீங்க?"

அது அவளுக்கும் தெரியவில்லை. ஆனாலும் அவர் தலையசைத்தார்.

கேண்டீனுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் வியாழக்கிழமைகளில் சில ஆய்வு மாணவிகள் கூடுவார்கள். கூட்டியவள் மமதா. கோலார் தங்கவயல்காரி, காந்தவியல் ஆய்வகத்தில் ரூபினிக்கு ஒரு வருடம் இளையவள். உடைந்த ஸ்டூல்களை அடைத்து வைத்திருந்த முதல் மாடி அறையை மீட்டுப் பெண்கள் கழிப்பறையாக்கியது அந்தக் கூட்டம்தான். அதற்கு முன் எல்லோரும் பக்கத்துக் கட்டிடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். "மாதர் சங்கம் கூடியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் போவார்கள். அந்தச் சங்கத்தில் ஒரே ஆண், ரூபினியின் ஆய்வகத்துப் பாலகுமார். சேலத்துப் பையன். முதலில் டீக்காகத்தான் வந்தான், பிறகு நின்றுவிட்டான்.

அந்த வியாழன் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நான் கேக்கலீங்க்கா. சாரேதான் சொன்னாரு" என்றான் டம்ளரைப் பார்த்தபடி.

"உன்ன யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள் ரூபினி.

மமதாவுக்கு ஆறவில்லை. "அந்த நோட்டீஸ மொதல்ல கிழிக்கணும். பெண்களுக்குன்னு எழுதினவன் எவன்? டைரக்டருக்கு மனு குடுப்போம். நாளைக்கே."

"மனு குடுத்தா கமிட்டி போடுவாங்க. அது கூடறதுக்குள்ள என் புள்ள நடக்க ஆரம்பிச்சிரும்."

"அப்ப விட்டுடறதா?"

"விடல. ஆனா நோட்டீஸ்ல இருக்கற பிசிக்ஸ் சரிதானே மமதா? கண்ணாடி திருப்பி அடிக்கும். நாளைக்கு இவன் கண்ணுல பட்டா நான் என்ன பதில் சொல்றது?"

பாலகுமார் பன்னுக்குக் கை நீட்டினான். சட்டைக்கை மேலே ஏறியது. மணிக்கட்டில் தடிமனான செம்புக் காப்பு வெயிலில் மின்னியது. ரூபினியும் மமதாவும் அதையே பார்த்தார்கள்.

"என்னங்க்கா?"

"இது எப்பலேர்ந்து கையில இருக்கு?" என்றாள் ரூபினி.

"பழனில வாங்குனதுங்க. எம்எஸ்சி படிக்கறப்ப."

"இதப் போட்டுக்கிட்டா தெனமும் லேசர் ரூமுக்குள்ள போற?"

அவன் காப்பைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான். "இது வளையல் இல்லீங்க்கா. காப்பு."

மமதா சிரித்த சிரிப்பில் டீ சுடிதாரில் கொட்டியது.

ரூபினி சிரிக்கவில்லை. அவள் எழுந்துவிட்டாள். மறுநாள் காலை மூவரும் எம்எஸ்சி மாணவர்களின் ஆய்வகத்தில், கண்ணுக்கு ஆபத்தில்லாத சின்னச் சிவப்பு லேசர் ஒன்றை மேசையில் பொருத்தினார்கள். திரும்பும் ஒளியை அளக்க ஒரு மீட்டர். கற்றையின் குறுக்கே ஒவ்வொரு பொருளாகப் பிடித்தார்கள். மமதா வாங்கி வந்த கண்ணாடி வளையல் ஒளியை விசிறிபோல விரித்தது. எங்கும் பட்டது, எங்கும் மங்கலாக. செம்புக் காப்பு இன்னும் பிரகாசமாக ஒரு கோடு போட்டது. பாலகுமாரின் பெல்ட் பக்கிளும் சளைக்கவில்லை. கடைசியில் அவனுடைய கைக்கடிகாரத்தின் ஸ்டீல் பட்டையைப் பிடித்தபோது எதிர்ச்சுவரில் ஒரே ஒரு புள்ளி விழுந்தது, ஆணி அடித்த மாதிரி.

"துறையில வாட்ச் கட்டாத ஆம்பள யாரு இருக்கான்?" என்றாள் மமதா.

நகைப்பெட்டிக்கு உள்ளே ஒட்டும் கறுப்பு வெல்வெட் துண்டைப் பிடித்தார்கள். சுவரில் ஒன்றும் இல்லை. மீட்டர் அசையவில்லை.

அன்று மாலை ரூபினியும் அவள் கணவன் சரவணனும் சிவாஜிநகரில் ஒரு தையல்கடை வாசலில் நின்றார்கள். இரண்டு முனையிலும் எலாஸ்டிக் வைத்த கறுப்பு வெல்வெட் கையுறை, விரல் இல்லாமல், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. தையல்காரர் வளையல்களுக்கு மேல் டேப்பைச் சுற்றி அளவெடுத்தார்.

"மேஜிக் ஷோவாம்மா?"

"அந்த மாதிரிதான் பாய். ஆறு ஜோடி வேணும்."

"ஆறும் இதே அளவா? வளையல் இல்லாத கையில நிக்காதே."

"எல்லாம் ஒரே அளவுல தெச்சிடுங்க."

வெளியே வந்ததும் சரவணன் கேட்டான். "ஒனக்கு ஒரு ஜோடி போதாதா?"

"நான் மட்டும் போட்டா புள்ளத்தாச்சிக்குக் குடுத்த சலுகை. எல்லாரும் போட்டாதான் ரூல்."

திங்கட்கிழமை அந்த எம்எஸ்சி ஆய்வகத்துக்கே பேராசிரியர் வந்தார். அளவுகளைக் கேட்டார், பாலகுமார் சொன்னான். அவர் தன் கடிகாரத்தைக் கழற்றித் தானே கற்றைக்குக் குறுக்கே பிடித்தார். புள்ளி அவர் தோளுக்குப் பின்னால் சுவரில் விழுந்தது. திரும்பி அதைப் பார்த்தார்.

"கடிகாரம் சரி" என்றார் மெதுவாக. "உடம்பு? நிக்கணுமே."

"ஸ்டூல் இருக்கு சார். குனியற வேலைய பாலகுமார் பாத்துப்பான். லேசர நான் பாத்துக்கறேன்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"லேசரால எனக்கு ஆகறது யாருக்கு வேணா ஆகும் சார். வீட்லயும் டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன்."

அவர் ரூபினி கொண்டுவந்திருந்த கையுறைகளில் ஒரு ஜோடியை எடுத்து மாட்டினார். அது தொளதொளவென்று வழிந்து விரல் முட்டியில் வந்து நின்றது. மேசையிலிருந்து இரண்டு ரப்பர் பேண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு, "பிற்பகல் ஆரம்பிங்க. ட்யூப் காத்திருக்காது" என்றார்.

பழைய அறிவிப்பை மமதா பிளேடால் சுரண்டி எடுத்தாள். பளபளக்கும் எதையும் மூடாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டினாள்.

ரூபினி ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அளந்தாள். கையை நகர்த்தும்போதெல்லாம் வெல்வெட்டுக்குள் வளையல்கள் மந்தமாக உரசிக்கொண்டன. ஒளி குறையக் குறைய ஒவ்வொரு அளவுக்கும் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசி மாதிரியின் கோடு திரையில் எழுந்தபோது அது மங்கலாகத்தான் இருந்தது, ஆனால் இருந்தது. அடுத்த வாரம் பாலகுமார் தன் வேலைக்காக லேசரைப் போட்டான். அது எரியவில்லை.

ஆகஸ்டில் பெண் பிறந்தது. சாந்தகுமாரி முதலில் குழந்தையைப் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணாவது ஒடஞ்சுதா?"

"இல்லம்மா."

வளையல்களைக் கழற்றி, பிரசவம் பார்த்த ஆயாவுக்குக் கொடுத்தார்கள். கட்டுரை மறு வருடம் வெளிவந்தது. ரூபினியின் பெயர் முதலில் இருந்தது.

கையுறைகள் லேசர் அறைக் கதவோரத்து ஆணியிலேயே தொங்கின. ரூபினி முனைவர் பட்டம் முடித்து, வேறு ஊரில் இரண்டு வருடம் வேலை பார்த்து, 2003-இல் அதே ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தபோதும் தொங்கின. வித்யாலட்சுமி என்ற புது மாணவி ஒரு ஜோடியை எடுத்து மாட்ட, அது வழிந்து இறங்கியது.

"யாரு மேடம் இவ்ளோ பெருசா தெச்சது? யாருக்குமே சேரலையே."

"எனக்குச் சேர்ந்துது" என்றாள் ரூபினி. "ரப்பர் பேண்ட் மேல் டிராயர்ல இருக்கு, எடுத்துக்கோ."