ஆற்றுக்குள் போன கதிரை

எங்கள் வீட்டுச் சாய்மனைக் கதிரையைத் தட்டினால் இன்றைக்கும் மூட்டு இடுக்குகளிலிருந்து ஆற்றுமணல் உதிரும். அதில் அக்காவைத் தவிர யாரும் சாய்ந்திருக்கக் கூடாது. செய்வித்தவர் அத்தான், அவருக்கும் அதே சட்டம்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அத்தானுக்குக் கண்டாவளைப் பக்கம் குடியேற்றக் காணி கிடைத்தது. யாழ்ப்பாணத்தை விட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்ற அக்காவை அங்கே பிடித்து வைத்தது அத்தானும் அல்ல, நெல்லும் அல்ல. காணிக்குப் பின்னால் ஓடிய காட்டாற்றின் கிடங்கு. குறுக்கே விழுந்துகிடந்த பெரிய மருதமரத்தின் மேலால் தண்ணீர் விழுந்து விழுந்து தோண்டிய கிடங்கு அது. கோடையிலும் கழுத்தளவு தண்ணீர் நிற்கும். வாளியால் அள்ளிக் குளித்தே வளர்ந்தவளுக்கு அது சொர்க்கம். "இந்தக் கிடங்கு இருக்குமட்டும்தான் நான் இஞ்ச இருப்பன்" என்று சொல்லிவிட்டாள்.

அத்தானோ ஆறே இல்லாத ஊரில் பிறந்தவர். அவருக்கு ஆறும் முற்றம்தான். அதில் எது கிடந்தாலும் குப்பை! "மரம் தண்ணியை மறிக்குது. எடுத்துவிட்டால் கிடங்கு இன்னும் பெருக்கும், இருந்து பார் பிள்ளை" என்றார், அக்காவுக்குத் துணையாக வந்திருந்த என்னிடம். அக்கா பிள்ளைப்பேறு பார்க்க யாழ்ப்பாணம் போயிருந்த சமயம், எருமைகளைப் பூட்டி மரத்தை வெளியே இழுப்பித்தார். அதிலே அக்காவுக்கென்று கதிரையும் செய்வித்தார். மிச்சம் அடுப்புக்குப் போனது.

மாரி வந்தது. மரத்துக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம் காலங்காலமாகத் தங்கியிருந்த மணல், மறிக்க ஆளில்லாமல் ஒரே வெள்ளத்தில் இறங்கிக் கிடங்கை மூடிவிட்டது. கைக்குழந்தையோடு ஊரால் திரும்பி வந்த அக்கா, குழந்தையை என்னிடம் தந்துவிட்டுக் குளிக்கத் துவாயோடு போய், கணுக்கால் தண்ணீரில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். றங்குப்பெட்டியில் சேலைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, பஸ் எத்தினை மணிக்கு?"

அத்தான் திகைத்துப்போனார். "கொஞ்சம் பொறப்பா, மரத்தைத் திருப்பிப் போடுறன்!"

மரம் ஏது? பதற்றத்தில் மனுசன் கதிரையையே தூக்கிக்கொண்டு ஓடி ஆற்றின் நடுவில் வைத்தார். தண்ணீர் அதை அசைத்ததும், தானே ஏறி இருந்துகொண்டார். மணல் மெல்ல மெல்லக் கதிரைக் காலைச் சுற்றி ஏறியது. பார்க்க வந்த அக்கா கரையில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எழும்பி வாங்கோ, சனம் பார்க்குது."

"போகமாட்டன் எண்டு சொல்லு."

"முதல்ல மரம் வரட்டும்."

காட்டில் பட்டு விழுந்திருந்த ஒரு பாலைமரத்தை இழுப்பித்து அதே இடத்தில் குறுக்கே போட்டார் அத்தான். கிடங்கு திரும்பவும் ஆழமாக இன்னும் இரண்டு மாரி எடுத்தது. அதுவரை பெட்டி கட்டியபடியே வாசலில் இருந்தது. பாவம், அத்தான் அதைப் பார்த்துப் பார்த்தே மெலிந்துபோனார்.

இப்போதும் பின்னேரங்களில் அக்கா கதிரையில் சாய்ந்திருக்கிறாள். அத்தான் பக்கத்தில், அந்த றங்குப்பெட்டியின் மேல்.

"முதுகு நோகுமே, வேற கதிரையில இருங்கோவன்" என்றேன் போன கிழமை.

"வேண்டாம் பிள்ளை. நான் எழும்பினால் அவா இதைத் திறந்து திரும்பவும் சேலை அடுக்கத் தொடங்கிடுவா."