துவக்கு ஊசி தேடிப் போன பின்னேரம்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கார்த்திகை மாதம். அப்போது நாங்கள் பலெர்மோவில், கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் இருந்தோம். என் மனுசன் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். நான் விடியப்புறம் ஒரு அலுவலகத்தைத் துடைத்துக் கூட்டிவிட்டு, அங்கிருந்து நேரே ஒரு வயதான ஐயாவின் வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்துக்கொள்வேன். அவரைச் சிஞ்ஞோரே என்றுதான் கூப்பிடுவேன்.

ஊரில் சண்டை நெருங்கி, சனமெல்லாம் வீடு வாசலை விட்டு வெளிக்கிட்ட நேரம் அது. அம்மாவும் தங்கச்சியும் எந்தப் பக்கம் போனார்கள் என்று ஒரு செய்தியும் இல்லை. கொழும்பில் இருந்த சித்தப்பாவுக்குப் போன் எடுத்தால், “இன்னும் ஒண்டும் தெரியேல்லை பிள்ளை” என்பார். அவ்வளவுதான். வேலை முடிந்து வந்து படுத்தால் உடம்பு கிடக்கும், கண் மூடாது. காலையில் அதே உடம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் வேலைக்குப் போவேன்.

சிஞ்ஞோரேக்கு எண்பது வயதிருக்கும். மனைவி இல்லை. கால் இரண்டும் அவர் சொல்லுக் கேட்காது. ஒரே மகன் வடக்கே தோரினோவில். அப்பனுக்கும் மகனுக்கும் பல வருடமாகக் கதை பேச்சில்லை. அந்த மகன் திடீரென்று போன் எடுத்து, மாதக் கடைசியில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து கிழவருக்கு வேறு நினைப்பே இல்லை. எல்லாம் முன்னறைச் சுவரில் தொங்கிய வேட்டைத் துவக்கைப் பற்றித்தான்.

அது அவருடைய தகப்பனார் முயல் வேட்டைக்குக் கொண்டுபோன பழைய ரைபிள். மகன் சின்ன வயதிலேயே “அது எனக்குத்தான்” என்று சொல்லி வைத்தவனாம். ஆனால் துவக்கு வேலை செய்யாது. விசையை இழுத்தால் உள்ளே ஓடிப்போய்த் தோட்டாவின் அடியில் குத்துகிற ஒரு இரும்பு ஊசி இருக்கிறது, அது முறிந்துபோயிருந்தது. முறிந்த துண்டுகளை ஒரு நெருப்புப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியின் மேல் தன் டெலிபோன் இலக்கத்தையும் எழுதி என்னிடம் நீட்டினார்.

“உடைஞ்ச சாமானை அவன்ரை கையிலை குடுக்கமாட்டன். நீ வெளியிலை போய் வாறனி, கடையளிலை விசாரிச்சுப் பார்.”

நான் ஊரில் துவக்கோடு ஆட்களைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நின்று பழகியவள். என் தம்பியை ஒரு சந்தியில் வைத்துச் சுட்டார்கள். யார் சுட்டது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அதையெல்லாம் சிஞ்ஞோரேயிடம் சொல்ல எனக்கு இத்தாலியன் காணாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பெட்டியை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஓய்வு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. ஆகவே வியாழன் பின்னேரங்கள் போயின. அந்த நாட்களில், நீதவான்களைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு, பலெர்மோத் தெருக்களில் ஆமிக்காரர் காவல் நின்றார்கள். அவர்கள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. இருந்தாலும் கைப்பைக்குள் கிடந்த அந்த முறிந்த ஊசியோடு அவர்களைக் கடக்காமல், தெருவின் மற்றப் பக்கத்தால் போவேன்.

துவக்குக் கடைகளில் நின்றதெல்லாம் ஆம்பிளைகள். ஒரு தமிழ்ப் பொம்பிளை உள்ளே வந்தவுடன் கதை நின்றுவிடும். பெட்டியைத் திறந்து காட்டினால், “இதைச் செய்த தொழிற்சாலையே இப்ப இல்லை” என்பார்கள். சந்தைக்குள் பூட்டுத் திருத்துகிற ஒருவரிடம் காட்டினேன். செய்யலாம், ஆனால் துவக்குச் சாமான் செய்யமாட்டன் என்று கையை விரித்தார். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு போனால் சிஞ்ஞோரே சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது ஏச்சை விடக் கஷ்டமாக இருக்கும்.

கடைசியில் ஒரு கடைக்காரர், பக்கத்து ஊரான பகேரியாவில் ஒருவரிடம் இதே சாதித் துவக்கு இருந்ததாகவும் அவர் செத்துப் போனதாகவும் மனைவி அங்கே இருக்கக்கூடும் என்றும் சொல்லி வீட்டு விலாசம் தந்தார். அடுத்து வந்ததுதான் மகன் வருவதற்கு முன்பு எனக்கிருந்த கடைசி வியாழன். மத்தியானம் சாப்பிடாமலே ரெயில் ஏறிவிட்டேன்.

கதவைத் திறந்தவர் கறுப்பு உடுப்புப் போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. நான் எனக்குத் தெரிந்த இத்தாலியனில் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் பெட்டிக்குள் இருந்த துண்டுகளைப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

“துவக்கு கிடக்குது. ஆனா அதிலை ஒரு ஆணியும் நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்” என்றார். “என்ரை மனுசன் ஒரு மதிலாலை ஏறிப் பாயேக்கை அது வெடிச்சுத்தான் செத்தவர். அந்த ஊசி இன்னொரு துவக்குக்குள்ளை போய்க் குத்த வேண்டாம்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரியென்றே பட்டது. “எனக்கும் துவக்குப் பிடிக்காது, சிஞ்ஞோரா. என்ரை தம்பியையும் துவக்காலைதான் கொன்றவை” என்றேன். அதை நான் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த நாட்டுக்கு வந்து நான் அதை வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் கதவை அகலத் திறந்தார். பிறகு உள்ளே கூப்பிட்டுக் குசினியில் இருத்தினார். அடுப்பில் பருப்பு சூப் இருந்தது. ஒரு கோப்பையில் ஊற்றித் தந்தார். குடித்தேன். அடுப்புச் சூடு காலில் பட்டது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவோம் என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது யன்னல் இருண்டு கிடந்தது. நான் மேசையில் தலை வைத்து நித்திரையாகிப் போயிருந்தேன். முதுகில் ஒரு ஆம்பிளையின் கம்பளிக் கோட்டு. தலைக்குக் கீழே மடித்து வைத்த துவாய். அந்த வீட்டு அம்மா எதிரில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ரேடியோ கூடப் போடவில்லை.

பதறி எழும்பிவிட்டேன். இரவு மருந்துக் குளிசையை நான்தான் போய்ச் சிஞ்ஞோரேக்குக் கொடுக்க வேண்டும். வியாழனிலும் அந்த ஒரு வேலைக்குத் திரும்பிப் போவேன்.

“இரு பிள்ளை, அவசரப்படாதை” என்றார் அம்மா. “பெட்டியிலை இலக்கம் இருந்தது. நான் உன்ரை சிஞ்ஞோரேயோடை கதைச்சிட்டன்.”

அவர் போன் எடுத்தது ஏசுவதற்குத்தான். தானே சொன்னார். நிற்க ஏலாத ஒரு பிள்ளையை ஊரூராய்த் துவக்குச் சாமான் தேட விடுகிற ஆள் எப்படிப்பட்டவன் என்று கேட்டாராம். அதற்குச் சிஞ்ஞோரே, “அவளை எழுப்பாதேங்கோ. மேல் வீட்டுக்காரி வந்து குளிசை தருவா. அந்த ஊசியும் எனக்கு வேண்டாம்” என்றாராம்.

“வேண்டாம் எண்டு சொன்ன பிறகுதான் எனக்குக் குடுக்கலாம் போலை வந்தது” என்று சொல்லி, அம்மா ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். நான் நித்திரையாக இருந்தபோது பக்கத்து வீட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஊசியைக் கழற்றி எடுத்திருக்கிறார். அந்தச் சத்தத்திலும் நான் எழும்பவில்லை. “அவரிட்டைச் சொல்லு, அதுக்குள்ளை தோட்டா போடக்கூடாது. அவ்வளவுதான்.”

ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தார். ரெயிலுக்குக் காத்து நின்றபோது, தம்பிக்கு எத்தனை வயது என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். ரெயிலில் ஏறி இருந்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தக் கார்த்திகை முழுக்க வராத அழுகை.

அடுத்த நாள் சிஞ்ஞோரே பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “நல்லாய்ப் படுத்தியா?” என்று கேட்டார். ஓம் என்றேன். தோட்டா போடக்கூடாது என்ற செய்தியையும் சொன்னேன். “நான் இனி எங்கை போய்ச் சுடப்போறன்” என்றார். அதற்குப் பிறகு வீட்டு வேலைக்கு வெளியே அவர் என்னை ஒரு இடத்துக்கும் அனுப்பவில்லை.

துவக்குக் கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஊசியைப் பூட்டிவிட்டார். மகனும் சொன்னபடி வந்தான். துவக்கை எடுத்துக் கொஞ்சநேரம் தடவிப் பார்த்தான். விசையை ஒருமுறை இழுத்து அந்த ‘டிக்’ சத்தத்தைக் கேட்டான். பிறகு, “இஞ்சையே இருக்கட்டும் அப்பா, நான் வந்து பாக்கிறன்” என்று சொல்லித் திரும்ப மாட்டிவிட்டான். அன்று பின்னேரம் முழுக்கத் தகப்பனின் காலடியில் இருந்து, அவருடைய கால் நகங்களை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டான். இவ்வளவு பாடுபட்டது அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தானா என்று எனக்கு அலுப்பாகவும் இருந்தது, பார்க்க ஆசையாகவும் இருந்தது.

தை மாதம் என் அம்மாவும் தங்கச்சியும் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. அதைச் சொல்லப் பகேரியாவுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. மகளோடு இருக்கப் போய்விட்டா என்று மெக்கானிக் சொன்னார். பிறகு அந்த அம்மாவை நான் காணவேயில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் சொன்ன வார்த்தை ஒன்றும் இன்றைக்கு ஞாபகத்தில் இல்லை. ஆனால் இப்போதும் என் வீட்டுக்கு யாராவது களைத்து வந்து கதிரையில் அப்படியே கண்ணயர்ந்து போனால், ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனாலும் நான் அவர்களை எழுப்புவதில்லை.